"என் உயிர், என் இஷ்டம்": ஒரு விபத்து வழக்கறிஞரின் பதில்

ராமநாதபுரத்தில் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். எங்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி. கேஸ். சீட் பெல்ட், ஹெல்மெட் சட்டம் பற்றிப் பேச்சு வந்தால் டீக்கடையில் யாராவது, "என் உயிர், என் இஷ்டம், கவர்மெண்டுக்கு என்ன?" என்பார்கள். அந்த இஷ்டத்துக்குக் கோர்ட்டில் பதில் சொல்ல வருவது அவர் மனைவிதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கணவரைப் பறிகொடுத்தவர் சாட்சிக் கூண்டில் நிற்பார். பின்னால் வந்த வேன் மோதியது, தப்பு வேன்காரர் மேல்தான், எஃப்.ஐ.ஆரும் அப்படியே சொல்லும். இன்சூரன்ஸ் வக்கீல் வேனின் வேகத்தைத் தொடவே மாட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஹெல்மெட் போட்டிருந்தாராம்மா?"

"வண்டியிலதான் மாட்டியிருந்தாரு சார். தேவிபட்டினம் வரைக்கும் தானேன்னு..."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இறந்தவர் பக்கமும் கவனக்குறைவு உண்டு என்று தொகையைக் குறைக்கச் சொல்வார். ஹெல்மெட் இல்லாததால் வேன் மோதவில்லையே என்று நான் வாதாடுவேன். ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குக் கொஞ்சம் துணை: விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது பட்ட காயத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் சாவுக்குக் காரணம் தலைக்காயம் என்று இருந்தால் அந்தத் தொடர்பை இல்லை என்று எப்படிச் சொல்வது? குறைகிற பணம் பிள்ளைகளின் படிப்புக்கானது.

பெல்ட் கதையும் இதேதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு பெல்ட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். பின் சீட்டில் உட்காருகிறவர்களும் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது விலை உயர்ந்த காரின் பின் சீட்டில்தான் இருந்தார், பெல்ட் இல்லாமல். பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் மோதும் வேகத்தில் முன்சீட்காரர் மேல்தான் போய் விழுவார். இதில் என் இஷ்டம் எங்கே வந்தது?

பாம்பன் பாலத்தில் கார் கடலில் விழுந்தால் பெல்ட் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. விழுந்த பிறகு பெல்ட்டைக் கழற்றவே நினைவு வேண்டுமே. மண்டை அடிபடாமல் அந்த நினைவைக் காப்பதே பெல்ட்தான்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை மறுக்க மாட்டேன். ரோட்டில் விளக்கு இல்லை, மாடு படுத்திருக்கிறது, கருவேலம் வளைவை மறைக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ரசீது புத்தகத்தோடு நின்றால் ஆத்திரம் வரத்தான் செய்யும். எனக்கும் வரும்.

இதைவிட என்னை உறுத்துவது லோடு வண்டி. காரை நிறுத்தி பெல்ட் பார்க்கிற அதே இடத்தைத் தாண்டி, திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் ஆள் ஏற்றிய குட்டியானை போகும். அதில் பெல்ட்டும் இல்லை, சீட்டும் இல்லை. மீன் கூடையோடு ஏறும் அம்மா சரக்கின் சொந்தக்காரர் என்ற முறையில் இன்சூரன்ஸ் கேட்கலாம். சும்மா ஏறிய சொந்தபந்தத்துக்குச் சரக்கு வண்டியின் பாலிசி பொதுவாகப் பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் வண்டி ஓனரிடம்தான் வசூலிக்க வேண்டும். பெரும்பாலும் அவரிடம் இருப்பது அந்த நொறுங்கிய வண்டியும் அதன் மேல் வாங்கிய கடனும்தான்.

அடுத்த விசேஷத்துக்கு வண்டி பேசும்போது வாடகையோடு பெர்மிட்டையும் இன்சூரன்ஸ் காகிதத்தையும் கேளுங்கள். ஆள் ஏற்றும் வண்டியா, எத்தனை பேருக்கு என்று அதிலேயே இருக்கும்.