இதயத் துடிப்புக்கு வைத்த ஒலியளவு கடிகாரங்களுக்கு ஆகாது

காதில் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்கிறது என்று சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்தார். வயது 26. ஆலை வேலை இல்லை, சிறுவயதில் காதில் சீழ் வடிந்ததில்லை, வீட்டில் யாருக்கும் காது மந்தம் இல்லை. ஒலித்தடுப்பு அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் அழுத்துங்கள் என்றேன். செவித்திறன் பரிசோதகனாக நான் அதிகம் சொல்லியிருக்கும் வாக்கியம் அதுதான்.

வரைபடத்தில் மற்ற அலைவெண்கள் எல்லாம் 10, 15 டெசிபலில் ஒழுங்காக வந்தன, அதாவது அவ்வளவு மெல்லிய ஒலியே அவருக்குக் கேட்டது. 4000 ஹெர்ட்ஸில் மட்டும் 35 வரை கூட்டினால்தான் கேட்டது; இரு காதிலும் கோடு அங்கே இறங்கி, 8000இல் மறுபடி மேலேறியது. தறிச் சத்தத்தில் பல ஆண்டு நின்றவர்களிடம் இந்தப் பள்ளத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டு கேட்பீர்களா தம்பி என்றேன்.

பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்றார். ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. ஆல்பம் 43 நிமிடம், பயணமும் ஏறக்குறைய அவ்வளவுதானாம். எனக்கும் அந்த ஆல்பத்தின் மேல் பித்து உண்டு என்பதால் அடுத்த கேள்வி தானாக வந்தது. “தொடக்கத்தில் ஓர் இதயத் துடிப்பு வருமே, அது பஸ்ஸில் கேட்கிறதா?”

“கேட்காது சார். கேட்கும்வரை சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.”

கோளாறு அங்கேதான் இருந்தது.

1973 மார்ச்சில் வெளியான இந்த ஆல்பம் லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவானது. துடிப்பு என்று நாம் கேட்பது குழுவின் டிரம் வாசிப்பாளர் நிக் மேசனின் பேஸ் டிரம். துணி திணித்து அமுக்கிய அடி. நிசப்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்படிதான் அதை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து சுமார் எட்டு நிமிடம் கழித்து ‘டைம்’ என்ற பாட்டு வருகிறது. முதலில் ஒன்றிரண்டு கடிகாரங்களின் டிக் டிக். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் மணியடிக்கின்றன. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவந்து சேர்த்த சத்தம் அது. தூக்கிவாரிப் போடவேண்டும் என்பதே நோக்கம். துடிப்பைப் பஸ் எஞ்சினுக்கு மேலே ஏற்றி வைத்தவருடைய காதில் அந்த மணிகள் எந்த அளவில் இறங்கியிருக்கும்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 95 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். அவருடைய இயர்போனில் சராசரி 95 என்று வைத்துக்கொண்டால், போக 43, வர 43, மொத்தம் 86 நிமிடம். திங்கட்கிழமை மாலை வீடு வந்து சேருவதற்குள் அந்த வாரத்தின் கணக்கு தீர்ந்துவிடும். மீதி நாலு நாளும் கடன். உள்செவியின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இன்றைய பாட்டுகள் பலவும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே மட்டத்துக்கு அழுத்தப்பட்டு வருகின்றன. ஒருமுறை வைத்த அளவில் எல்லாம் கேட்டுவிடும். அந்தப் பழக்கத்தோடு 70களின் புரோக்ரசிவ் ராக்குக்குள் நுழைபவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியே இல்லாமல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டுவது இந்த வகையில் வழக்கம். அந்தக் கட்டுமானத்துக்கு மெல்லிய இடங்களே தூண். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் பாடகி கிளேர் டோரி சொல்லே இல்லாமல் வீறிடுகிறார், பிறகு பெருமூச்சளவுக்கு அடங்குகிறார். (அன்று அவருக்குக் கொடுத்தது 30 பவுண்டு. பாட்டில் இணை ஆசிரியராகப் பெயர் சேர 2005 வரை ஆனது, அதுவும் வழக்குப் போட்ட பிறகு.) பஸ்ஸில் அந்த அடங்கும் பகுதி எஞ்சினோடு போய்விடும், மிஞ்சுவது கத்தல் மட்டும். ‘மணி’ (Money) பாட்டு காசுச் சத்தத்தோடு ஏழு எண்ணிக்கையில் ஓடுவதும், கிட்டார் தனி வாசிப்பில் நாலுக்கு மாறுவதும் வேண்டுமானால் எந்த இரைச்சலிலும் பிடிபடும். நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

அவரிடம் ஆல்பத்தை விடச் சொல்லவில்லை. பஸ்ஸில் வேண்டாம், இரவில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்றேன். அளவை வைக்கவேண்டியது கடிகாரங்களைக் கொண்டு. அவை காதை உறுத்தாத இடத்தில் நிறுத்திவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பவேண்டும். அறை அமைதியாக இருந்தால் துடிப்பு தானே கேட்கும். பயணத்தில் கேட்டே ஆகவேண்டும் என்றால் வெளிச்சத்தத்தைத் தணிக்கும் ஹெட்போன் நல்லது, சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடவேண்டும். அளவை 60 விழுக்காட்டில் வைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு போனின் 60 இன்னொன்றின் 60 ஆவதில்லை. கையெட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழுகிறதா என்று பார்ப்பதை நம்பலாம், வெளிச்சத்தம் தணிக்காத இயர்போன் என்றால்.

பாட்டு முடிந்ததும் காது அடைத்தாற்போல் இருந்தாலோ இரைந்தாலோ அந்த அளவு அதிகம். ஒரு காது திடீரென்று மந்தமானால் எண்ணெய் விட்டுக் காத்திருக்கக் கூடாது; அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். பள்ளம் அப்படியே இருந்தது, ஆழவில்லை. இரைச்சல் முன்போலத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை என்றார். கிளம்பும்போது, அந்த அறையில் ஆல்பத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டார். வெளியிலிருந்து பாட்டைச் செலுத்த எங்கள் கருவியில் வழி உண்டு. பேச்சின் அளவில் வைத்தேன். பாட்டு ஓய்ந்து இதயத் துடிப்பு மட்டும் மிஞ்சியது. அதற்குள்ளே அபே ரோடின் வாயில்காவலர் ஜெரி ஓ’டிரிஸ்கால், நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று கிடையாது, எல்லாமே இருட்டுதான் என்று முணுமுணுக்கும் இடம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், பரிசோதனை நடப்பதாகவே நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கையிலிருந்த பொத்தானை அழுத்தினார்.