பாயும் அல்ல, பின்னணியும் அல்ல: கரையட்டை

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி தன் ஆச்சியின் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார். எட்டுக்குப் பத்து அங்குலம், லேபில் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார். அவர் வலது கன்னத்தில் தொடங்கித் தோள் வரைக்கும், நனைந்த துணி ஒட்டியதுபோல ஒரு திட்டு. அந்த இடத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஈரக்காற்றில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகும், கண்ணாடியைத் தொட்டால் பிடித்துக்கொள்ளும். மெதுவாகத்தான் பிரித்தோம். மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விட்டது. ஆச்சியின் கன்னமும் போய்விட்டது.

சட்டத்தைக் கழற்றினால் உள்ளே நல்ல தடித்த அட்டை. நடுவில் திறப்பு, நான்கு பக்கமும் 45 டிகிரி சாய்வு, மூலைகளில் பிசிறே இல்லை. முதல் தடவை வெட்டியவர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய அந்த அட்டை, படத்துக்குப் பின்னால் இருந்தது.

"ஏன் தம்பி பின்னால வச்சீங்க?"

"பின்னணி அட்டைன்னுதானே போட்டிருக்கு அண்ணே. நடுவுல ஓட்டை காத்துப் போகன்னு நெனச்சேன்."

இந்த அட்டையை வெட்டும் கருவியோடு வந்த தமிழ்க் குறிப்புத் தாளை எடுத்துக் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் "பாய் வெட்டி". உள்ளே "பின்னணி அட்டையைத் தேவையான அளவில் அளந்து வெட்டவும்". இந்த இரண்டு சொல்லையும் நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. விற்பனைப் பக்கங்களில், வீடியோவுக்கு அடியில் ஓடும் எழுத்துகளில், ஒளிப்படப் பயிற்சிக் கையேடுகளில் என்று பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஒரு தவறான சொல் ஒருவர் வீட்டுப் படத்தை அழித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பாய். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வைக்கும் இந்த அட்டைக்கு ஆங்கிலத்தில் 'மேட்' என்று பெயர். அங்கே அப்படி எழுதுவது ஒரு சொல் அல்ல, இரண்டு. தரையில் விரிப்பது லத்தீன் 'மத்தா'வின் வழி வந்தது. படத்துக்கு வைப்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மங்கலான, பளபளப்பில்லாத பரப்பு என்று பொருள். இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான். ஆக, பாய் என்று பெயர்த்தவர் பொருளை மட்டுமல்ல, வேரையும் தவறவிட்டார். பத்தமடையில் கோரையை நெய்கிறவருக்கு வேண்டுமானால் பாய் வெட்டும் கருவி வேண்டியிருக்கும். படம் மாட்டுகிறவருக்கு வேண்டாம்.

1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டகேரியோடைப் படங்களை நினைத்துக்கொண்டால் இந்த அட்டையின் வேலை உடனே புரியும். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த படம். விரல் பட்டாலே அழிந்துவிடும். அதனால் தகட்டின் மேல், நடுவில் முட்டை வடிவத்தில் திறந்த மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வைத்து, அதன் மேல் கண்ணாடியை வைத்தார்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. பித்தளை போய் அட்டை வந்திருக்கிறது, வேலை மாறவில்லை.

அப்படியானால் 'மேட்' என்றே தமிழில் எழுதிவிடலாமே என்பார்கள். எனக்குக் கடன்சொல் மேல் கோபம் இல்லை. பிளேடை பிளேடு என்றும் லென்ஸை லென்ஸ் என்றும்தான் சொல்கிறேன். ஆனால் படம் போடும் லேபில் 'மேட்' என்றால் பளபளப்பில்லாத தாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "மேட் போர்டு வேணும்" என்று கேட்டு, படத்தையே அட்டையில் ஒட்டி மங்கல் லேமினேஷன் போட்டுக் கொடுத்த கதை எனக்கே நடந்தது. பிரேம் கடைகளில் பிரிட்டிஷ் வழக்கப்படி 'மவுண்ட்' என்கிறார்கள். அது கடைக்குள் செல்லும். கேமராக்காரருக்கு மவுண்ட் என்றால் லென்ஸ் மாட்டும் வாய். இன்னொருவருக்கு அட்டையில் ஒட்டுவதே மவுண்ட். ஒரே சொல் மூன்று வேலை பார்த்தால் எழுத்தில் படித்துச் செய்கிறவர் எதை என்று எடுத்துக்கொள்வார்?

சரி, பின்னணி அட்டைக்கு வருவோம். பாய் கணினி செய்த பிழை, படித்தவுடன் தெரிந்துவிடும், யாரும் அதற்காக வாதாட வரமாட்டார்கள். பின்னணி அட்டை அப்படியில்லை. அது நல்ல தமிழ் போலவே ஒலிக்கிறது. அதற்கு ஆதரவாளர்களும் உண்டு. மொழிபெயர்ப்பில் பல காலம் இருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார்: படத்தைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிற பரப்பு, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு பின்னணியாக அமைகிறது, அதனால் அந்தப் பெயர் பொருந்தும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னணி என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோம்? பின்னணிப் பாடகர் திரையில் தெரியமாட்டார். பின்னணி இசை வசனத்துக்குப் பின்னால் இருக்கும். குற்றத்தின் பின்னணி மறைந்திருப்பது. இந்த அட்டையோ படத்துக்கு முன்னால், கண்ணாடிக்கு அடுத்தபடி, சட்டத்துக்குள் நம் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் இருக்கிறது. படத்தின் ஓரத்தை அதுதான் மறைக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், படத்துக்குப் பின்னால் உண்மையாகவே ஓர் அட்டை இருக்கிறது. இரண்டு இருக்கிறது. படத்தை மேல் ஓரத்தில் மட்டும் நாடா போட்டுத் தொங்கவிடுகிற அட்டை ஒன்று. அதற்கும் பின்னால் சட்டத்தை மூடுகிற அட்டை ஒன்று. பின்னணி என்ற சொல்லை முன்னால் இருப்பதற்குக் கொடுத்துவிட்டால் இவற்றுக்கு என்ன பெயர் வைப்பது? அந்தக் குறிப்புத் தாளில் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா, "பின்னணி அட்டையைப் பின் அட்டையின் மீது பொருத்தவும்" என்று எழுதியிருந்தார்கள். ஆச்சி படத்தை நானே முதன்முதலாகச் சட்டம் போட்டிருந்தாலும் தப்பாகத்தான் போட்டிருப்பேன்.

'உட்சட்டம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சட்டம் என்றதும் மரமோ உலோகமோ மனதில் வரும், அட்டை வராது. 'சாளர அட்டை' இவற்றில் நல்லது, கொஞ்ச நாள் நானும் அதையே எழுதினேன். திறப்பு இருப்பதைச் சொல்கிறது. ஆனால் சட்டம் போடுகிறவர் பேசுவது திறப்பைப் பற்றி இல்லை, சுற்றி எவ்வளவு அகலம் விடுவது என்பதைப் பற்றி. சாளரத்தை வைத்துக்கொண்டு அந்த அகலத்தைச் சொல்ல வழியில்லை.

கரை என்ற சொல்லை நான் உண்டாக்கவில்லை. சாமி படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு பெரியவர் கடையில் கேட்டது. படத்தை மேசையில் வைத்து, சுற்றிலும் கையால் தடவிக் காட்டி, "கரை எவ்வளவு விடட்டும், ரெண்டு அங்குலம் போதுமா?" என்றார். அவர் யோசித்துச் சொன்னதில்லை, வேட்டியைப் பார்த்துப் பழகிய வாயில் தானாக வந்த சொல். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தேன். துணியின் ஓரத்துக்கும் கரை, குளத்தின் ஓரத்துக்கும் கரை. நடுவில் இருப்பதைச் சுற்றி நின்று காப்பது. கரை உள்ள அட்டை கரையட்டை.

பெயர் நல்லதா என்று பார்க்க, அதிலிருந்து அடுத்த சொற்கள் தானாகக் கிளைக்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அட்டை வைத்து, உள் அட்டை கால் அங்குலம் வெளியே தெரியும்படி வைப்பது உண்டு. அதற்கு இரட்டைக்கரை என்றால் புடவை கட்டுகிற யாருக்கும் விளக்க வேண்டாம். பக்கக்கரை, மேல்கரை, அடிக்கரை. பழைய வழக்கப்படி அடிக்கரையைக் கொஞ்சம் கூடுதலாக விடுவார்கள். இல்லையென்றால் படம் கீழே இறங்கினாற்போலத் தெரியும். எட்டுக்குப் பத்து படத்தைப் பதினொன்றுக்குப் பதினான்கு சட்டத்தில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் ஓரம் பக்கத்துக்குக் கால் அங்குலம் அட்டைக்கு அடியில் மறைய வேண்டும், ஆகவே திறப்பு ஏழரைக்கு ஒன்பதரை. பக்கக்கரை ஒன்றேமுக்கால், மேல்கரை இரண்டு, அடிக்கரை இரண்டரை. இதைப் பின்னணி அட்டை என்ற பெயரோடு சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதே, கரை கறை ஆகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதுவும் இந்த அட்டையின் விஷயத்தில். மரக்கூழில் செய்த மலிவான அட்டையில் லிக்னின் இருக்கும். பழைய செய்தித்தாளை மஞ்சளாக்குவது அதுதான். சில வருடங்களில் சாய்வாக வெட்டிய திறப்பின் வெள்ளை விளிம்பு பழுப்பாகும், அட்டை தொட்ட இடமெல்லாம் படத்தில் கோடு விழும். கறையேதான். அதனால் அமிலம் இல்லாத அட்டை, முடிந்தால் பருத்தி நாரில் செய்தது, வாங்குங்கள். சொல்லைப் பொறுத்தவரை, கரை வேட்டியைக் கறை வேட்டி என்று யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இதுவும் பழகிவிடும்.

கருவிக்கு என்ன பெயர்? பாக்குவெட்டி, நகவெட்டி வரிசையில் கரையட்டை வெட்டி. கரைவெட்டி என்று சுருக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அரியலூர் மாவட்டத்தில் பறவைகள் வந்து தங்கும் ஏரியின் பெயர் அது, 2024இல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரில் கை வைக்கக் கூடாது. பிளேடைச் சாய்வாகப் பிடித்து ஓடும் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் சாய்வெட்டி. இந்தச் சாய்வுதான் கருவியின் உயிர். காகிதம் வெட்டும் கட்டரால் நேராகத்தான் வெட்ட முடியும்.

வாங்குகிறவருக்கு: வருடத்துக்கு நாலைந்து படம் என்றால் ஸ்கேலை ஒட்டிக் கையால் ஓட்டும் சாய்வெட்டி போதும், ஆனால் கை நடுங்கினால் வெட்டும் நடுங்கும். அதற்கு மேல் என்றால் பலகையும் தண்டவாளமும் சேர்ந்தது வாங்குங்கள். லோகன் போன்ற நிறுவனங்கள் 32, 40 அங்குல அளவுகளில் செய்கின்றன. முழு அட்டை 32க்கு 40 அங்குலத்தில் வருவதால், அதை நீளவாக்கில் வெட்ட நினைப்பவருக்கு 40 வேண்டும். தள்ளி வெட்டுவது, இழுத்து வெட்டுவது என்று இரண்டு வகை உண்டு; கடையில் நின்று இரண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கரையின் அகலத்தை நிறுத்திவைக்கும் தடுப்புக்கட்டை இருந்தால் பென்சில் கோடு போடும் வேலை பாதி குறையும்.

வெட்டும்போது அட்டையின் முகம் கீழே இருக்கும். கோடு பின்பக்கத்தில். அடியில் வீணான அட்டை ஒன்றை வைக்க வேண்டும், அதை நான் அடியட்டை என்கிறேன். நான்கு அடுக்கு அட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். பிளேடு அதைத் தாண்டி அடியட்டையில் லேசாகக் கீறினால் போதும். ஆழம் கூடினால் பிளேடு வளைந்து, தொடக்கத்தில் கோடு கொக்கிபோலத் திரும்பும். அடியட்டை இல்லாமல் வெட்டினால் முகப்பில் பிசிறு நிற்கும். சாய்வு எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் ஒரு துண்டில் பாருங்கள். மாறிப்போனால் வெள்ளை விளிம்பு பின்னால் போய் மறைந்துவிடும்.

இந்த அடியட்டையைத்தான் அந்தக் குறிப்புத் தாள் "நழுவும் தாள்" என்று பெயர்த்திருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்லிப் ஷீட்' என்று பெயர், அதில் நழுவுவதற்கு ஒரு சொல் இருக்கிறது, உண்மை. ஆனால் அடியில் வைக்கும் அட்டை நழுவினால் வெட்டு கோணும்! பெயர்த்தவர் ஒரே ஒரு முறை அட்டையும் பிளேடும் கையில் எடுத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். இப்போது கருவிகளோடு வரும் தமிழ்த் தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. மிக்ஸி, தையல் இயந்திரம், துளையிடும் கருவி, எதை எடுத்தாலும் தமிழ்ப் பக்கத்தைத் தாண்டி ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆங்கிலம் தெரியாதவர் எங்கே போவார்? மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி குறைவு, கெடு நெருக்கம், கருவியைக் கண்ணில் காட்டுவதே இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெருவில் இறங்கி ஒரு பிரேம் கடையில் பத்து நிமிடம் நின்றாலும் பாதிச் சொல் கிடைத்துவிடும்.

ஆச்சி படத்தின் நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தார் தம்பி. பழைய கரையட்டையையே முன்னால் வைத்தோம், ஓரத்தில்கூடச் சேதமில்லை. வெற்றிலை பிடித்த கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இப்போது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது.