பாலம் எரிந்து விழுந்தால் செலவு யார் தலையில்? அமெரிக்க நெடுஞ்சாலை அவசர நிவாரணத் திட்டம்

2023 ஜூன் 11, ஞாயிறு காலை. பிலடெல்பியாவின் வடகிழக்குப் பகுதியில் சுமார் 8,500 காலன் (ஏறக்குறைய 32,000 லிட்டர்) பெட்ரோலுடன் வந்த டேங்கர் லாரி ஒன்று, மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் 95 நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் கவிழ்ந்து, அந்த நெடுஞ்சாலைப் பாலத்துக்கு நேர் அடியில் எரிந்தது. ஓட்டுநர் இறந்தார். வடக்கே போகும் பாதை இடிந்து விழுந்தது. தெற்கே போகும் பாதை விழவில்லை என்றாலும் இனி பாரம் தாங்காது என்று அதையும் இடித்தார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,60,000 வண்டிகள் போகும் சாலை அது. ஜூன் 23 அன்று, அதாவது பன்னிரண்டே நாளில், அங்கே ஆறு தடங்களில் வண்டிகள் ஓடின. பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் இதற்கு ஒரு காரணம். பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிராதது இன்னொன்று.

அந்தப் பணத்துக்கு வழி செய்வது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 23ஆம் தலைப்பு, பிரிவு 125. கூட்டாட்சி அரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் நடத்தும் அவசர நிவாரணத் திட்டம் இதன்கீழ் வருகிறது. இரண்டு வகைச் சேதத்துக்குத்தான் காசு. ஒன்று, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போலப் பரவலாக அடிக்கும் இயற்கைச் சீற்றம். மற்றது, வெளிக்காரணம் ஒன்றால் திடீரென நேரும் பெரும் தகர்வு. டேங்கர் தீ இரண்டாவது வகை. உருக்கு உத்திரம் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் பாதி வலிமையை இழந்துவிடும். பெட்ரோல் தீ அதைத் தாண்டி 1,000 டிகிரிக்கு மேலும் போகக்கூடியது. எனவே இங்கே 'வெளிக்காரணம்' என்று காட்டுவது எளிது. ஆனால் பல ஆண்டுத் துருவாலோ, பராமரிப்பில்லாமலோ பாலம் மெல்ல மெல்லச் சீரழிந்து விழுந்திருந்தால் இந்த நிதியின் கதவு மூடிக்கொள்ளும். பழைய பாலம் ஒன்று விபத்தில் விழும்போது ஆய்வறிக்கைகளை முதலில் தேடுவது இதனால்தான்.

சாலையும் தகுதியானதாக இருக்க வேண்டும். கூட்டாட்சி உதவி பெறும் நெடுஞ்சாலை வலைப்பின்னலில் அது இருந்தால்தான் இங்கே விண்ணப்பிக்கலாம். அதில் சேராத உள்ளூர்த் தெரு என்றால், அதிபர் பேரிடர் அறிவித்திருக்கும் நிலையில், வேறொரு நிறுவனமான கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமையிடம் போக வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. ஒரு நிகழ்வின் மொத்தச் சேதத்தில் கூட்டாட்சியின் பங்கு 7,00,000 டாலரைத் தொடாவிட்டால், அது மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டிய பெரிய பராமரிப்பு வேலையாகத்தான் எண்ணப்படும்.

நடைமுறை ஆளுநரின் அவசரநிலை அறிவிப்பிலிருந்து தொடங்குகிறது. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் விபத்துக்கு மறுநாளே அது கையெழுத்தானது. அந்த ஒரு தாள் இரண்டு வேலை செய்யும். ஒன்று, கூட்டாட்சி நிதிக்கு விண்ணப்பிக்க அடிப்படை. இரண்டு, மாநிலத்தின் வழக்கமான டெண்டர் விதிகளை ஒதுக்கிவைத்து, பக்கத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தக்காரரை உடனே இறக்க அதிகாரம். அதன்பின் மாநிலப் பொறியாளரும் கூட்டாட்சிப் பொறியாளரும் இடத்தைப் பார்த்துச் சேத அறிக்கை எழுதுவார்கள். முழுக் கணக்கு முடியும்வரை காத்திராமல் முன்பணம் தரும் 'விரைவு விடுவிப்பு' என்றொரு ஏற்பாடும் உண்டு. பிலடெல்பியாவுக்கு 30 லட்சம் டாலர் அப்படித்தான் வந்தது. அட்லாண்டாவில் 2017 மார்ச் 30 மாலை இன்டர்ஸ்டேட் 85 பாலம் எரிந்து விழுந்தபோது, ஒரே நாளில் ஒரு கோடி டாலர்.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி 'அவசரப் பழுதுபார்ப்பு', 'நிரந்தரப் பழுதுபார்ப்பு' என்ற பிரிவினை. போக்குவரத்தை மீட்பது, சேதம் பெருகாமல் தடுப்பது, மிஞ்சியதைக் காப்பாற்றுவது ஆகிய மூன்றும் அவசர வகை. இவற்றுக்கு முன் அனுமதி தேவையில்லை; வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு கணக்குக் காட்டலாம். நிகழ்வு நடந்து 270 நாளுக்குள் செய்த அவசர வேலைக்கு 100 சதவீதமும் கூட்டாட்சிப் பணம். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு முன் இது 180 நாளாக இருந்தது. நிரந்தர வேலை என்றால் முன் அனுமதியும் முறையான டெண்டரும் வேண்டும். இன்டர்ஸ்டேட் சாலைக்கு 90 சதவீதம், மற்றவற்றுக்குப் பொதுவாக 80 சதவீதம்தான் கிடைக்கும்.

பிலடெல்பியாவில் வேலையை இரண்டாகப் பிரித்தது இந்தப் பின்னணியில் இன்னும் தெளிவாகப் புரியும். முதலில் பாலமே கட்டவில்லை. இடிந்த பள்ளத்தை மறுசுழற்சிக் கண்ணாடியில் செய்த நுரைக்கற்களால், சுமார் 2,000 டன் போட்டு, சாலை மட்டம்வரை நிரப்பி, மேலே தார் போட்டார்கள். இந்தக் கற்கள் சாதாரண ஜல்லியைவிட வெகுவாக எடை குறைந்தவை. மண் அமிழ்ந்து இறுகும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இது போக்குவரத்தை மீட்கும் வேலை. வண்டிகள் நடுவில் ஓட, இருபுறமும் நிரந்தரப் பாலத்தை எழுப்புவது அடுத்த கட்டம்.

புதுப் பாலத்தை இன்றைய கட்டுமானத் தரத்துக்குக் கட்டலாம், தடையில்லை. ஆனால் 'இடிந்ததுதான் இடிந்தது, கூட ஒரு தடம் போட்டுக்கொள்வோம்' என்று கிளம்பினால் அது 'மேம்படுத்தல்'. பிற்காலத்தில் இதேபோன்ற சேதச் செலவு குறையும் என்று கணக்குப் போட்டு நிரூபிக்காவிட்டால் அந்தக் கூடுதல் செலவு மாநிலத்தின் தலையில்தான்.

மாற்றுப்பாதைச் செலவில் பலரும் ஒரு விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள். திருப்பிவிடப்பட்ட லாரிகள் ஓடி ஓடி உள்ளூர்ச் சாலை பெயர்ந்துபோனால், அந்த மேற்பரப்புச் சேதத்துக்கும் இந்த நிதியில் காசு உண்டு, அது கூட்டாட்சி உதவி பெறாத சாலையாக இருந்தாலும்கூட. ஆனால் அதிகாரப்பூர்வமாக அறிவித்த மாற்றுப்பாதையாக இருக்க வேண்டும். கைப்பேசி வரைபடம் காட்டியதென்று வண்டிகள் புகுந்த சந்துகளுக்குக் கிடையாது. நகராட்சிகள் முதல் நாளிலேயே தங்கள் சாலை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, லாரிகள் வரும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சாலைக்கு மாற்றாக விடும் கூடுதல் ரயில், பேருந்து, படகுச் சேவைக்கும் பணம் கேட்கலாம். வசூலான கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள்.

சாலை அடைப்பால் வியாபாரம் படுத்த கடைக்காரர், கூடுதல் டீசல் எரித்த லாரி உரிமையாளர், இரண்டு மணி நேரம் தாமதமான ஊழியர் ஆகியோருக்கு இத்திட்டத்தில் ஒரு காசும் இல்லை. சுங்கச்சாவடியின் இழந்த வசூலும் சேராது. இது சாலைக்கான நிவாரணம், சாலையில் போகிறவருக்கானது அல்ல.

விபத்துக்குப் பொறுப்பானவரையும் விட்டுவிடுவதில்லை. வாகனம் மோதியோ கவிழ்ந்தோ சேதமானால், உரிமையாளரிடமும் அவரது காப்பீட்டு நிறுவனத்திடமும் செலவை மீட்க மாநிலம் முயல வேண்டும் என்பது விதி. மீட்ட தொகையில் கூட்டாட்சியின் பங்கைத் திருப்பித் தர வேண்டும். அட்லாண்டாவில் நிலைமை சங்கடமானது. எரிந்தது மாநிலச் சாலைத் துறையே பாலத்தடியில் பல ஆண்டுகளாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணையில் அதைச் சுட்டிக்காட்டியது.

வேகத்துக்கு விலை கொடுப்பதும் உண்டு. அட்லாண்டா ஒப்பந்தக்காரருக்கு ஜூன் 15 கெடு. முன்னதாக முடித்தால் 31 லட்சம் டாலர்வரை ஊக்கத்தொகை. 43 நாளிலேயே, மே நடுவில், சாலை திறந்தது.

இந்தத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் நிரந்தரமாக ஒதுக்கப்படுவது 10 கோடி டாலர் மட்டுமே, அதுவும் 1972 முதல் மாறாத தொகை. ஒரு பெரிய புயலே அதை விழுங்கிவிடும். மிச்சத்துக்கு நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். அதுவரை, தகுதி உறுதியான கணக்குகளும் வரிசையில் நிற்கும். மாநிலம் கைக்காசு போட்டு வேலையை முடித்துவிட்டு, பில்லை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.