எத்தனை டன் ஏசி என்று கேட்பதற்கு முன்னால்

போன ஏப்ரலில் திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். தையல் பிரிவுக்கு ஏசி போட வேண்டும், கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். மதியம் இரண்டரை மணி. லைனில் ஓர் அக்கா கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏணி போட்டு ஏறிக் கூரைத் தகரத்தை அளந்தேன். தொடாமலே சூட்டை அளக்கும் நம் இன்ஃப்ராரெட் கருவி பளபளப்பான தகரத்தில் குறைத்துக் காட்டும் என்பதால் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அது சூடேறிய பிறகு பார்த்தேன். உள்பக்கமே 58 டிகிரி.

"ஏனுங்க, அறுபது டன் போட்டாப் போதுமுங்களா?" என்றார் முதலாளி.

"டன் கணக்கைக் கடைசியில பார்த்துக்கலாமுங்க. சூடு எங்கிருந்து வருதுன்னு மொதல்ல ஒரு சுத்து சுத்திப் பார்ப்போம்" என்றேன்.

ஹாலின் மூலையில் பாதி உயரத் தடுப்புக்குப் பின்னால் காற்றை அழுத்தித் தரும் ஒரு 50 ஹெச்.பி. ஏர் கம்ப்ரஸர். அது தின்னும் கரண்ட் சுமார் 37 கிலோவாட். அதில் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி என்பது மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும் திறன். அப்படியானால் இந்த ஒரு மிஷினை ஈடுகட்ட மட்டுமே பத்து டன் ஏசி வேண்டும்! சூட்டை உண்டாக்க ஒரு பில், அதை விரட்ட இன்னொரு பில். கம்ப்ரஸர் தலைக்கு மேல் தகர டக்ட் (காற்றுக் குழாய்) போட்டு, வெந்த காற்றை வெளியே தள்ளினால் வேலை முடிந்தது. டக்ட் நீளமாகப் போனால் வழியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஸரே சூடேறி நின்றுவிடும்.

தையல் மிஷின்களில் பாதி இன்னும் பழைய கிளட்ச் மோட்டார். டெய்லர் துணியைத் திருப்பும்போதும் நூல் கோக்கும்போதும் அது சுற்றிக்கொண்டேயிருக்கும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டும் ஓடும். மாற்றினால் மோட்டார் கரண்டும் மிச்சம், அது கொட்டும் சூடும் குறைவு.

கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்து, அடியில் இன்சுலேஷன் கொடுக்கச் சொன்னேன். தூசி படிந்தால் பூச்சின் பலன் குறையும், வருடாவருடம் கழுவ வேண்டும்.

இதற்குப் பிறகுதான் குளிர்ச்சி. திருப்பூரில் மார்ச் முதல் மே வரை பெரும்பாலும் வறண்ட வெயில். அது நமக்கு ஒரு வரம். வெளியே 38 டிகிரி இருக்கும்போது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 24 காட்டினால், தண்ணீரில் நனையும் நல்ல பேட் வழியாகக் காற்றை இழுத்து அனுப்பும் டக்ட் கூலர் 27 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். செலவு ஃபேனுக்கும் சின்னப் பம்புக்கும், அப்புறம் தண்ணீருக்கும்தான். இதே கூலரைச் சென்னையின் கடற்கரை ஈரத்தில் வைத்தால் நாலைந்து டிகிரி குறைந்தாலே பெரிது, வியர்வையும் காயாது. ஊர் பார்க்காமல் மிஷின் வாங்கக் கூடாது. இன்னொன்று, கூலர் போட்ட ஹாலில் கதவைச் சாத்தவே கூடாது. "குளிர் வெளியே போகுதே" என்று சாத்திவிடுகிறார்கள், ஈரம் உள்ளேயே தங்கிப் புழுங்குகிறது. ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் பல நாள் ஃபேனே போதும்.

இங்கே ஒரு சேதி. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லே பஞ்சாலையில் பிறந்தது. 1906-இல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிரேமர் என்ற மில் பொறியாளர், நூல் அறுந்துபோகாதபடி காற்றின் ஈரத்தைச் சரிசெய்வதற்கு வைத்த பெயர் அது. இன்று கோவை மில்களில் அந்த வேலையைச் செய்வது ஹியூமிடிட்டி பிளான்ட். அங்கே நான் அடிக்கடி பார்ப்பது, ஏப்ரல் வெயிலுக்குப் போட்ட ஃபேன் நவம்பர் மழையிலும் அதே முழு வேகத்தில் ஓடுவதை. ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், அது இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டியிருந்தும் அதை ஒரே எண்ணில் பூட்டி வைத்திருக்கும் மில்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஈரப்பதம் காட்டும் கருவியோடு டிரைவை இணைத்துவிடுங்கள், பருவத்துக்கு ஏற்ப அதுவே பார்த்துக்கொள்ளும்.

சரி, அந்தப் பனியன் கம்பெனிக்கு வருவோம். உண்மையிலேயே ஏசி தேவைப்பட்டது பேட்டர்ன் போடும் கம்ப்யூட்டர் அறைக்கும் துணியைச் சோதிக்கும் லேபுக்கும் மட்டும். அந்த இரண்டையும் தடுத்து, மொத்தம் ஐந்து டன்னில் முடித்தோம். தையல் ஹாலுக்குக் கூலர். மே கடைசியில் போய் மறுபடி அளந்தபோது லைனில் 31 டிகிரி. அயர்ன் பிரிவில் மட்டும் இன்னும் 35. அங்கே ஸ்டீம் லைனுக்கு லேக்கிங் (சூடு வெளியேறாமல் தடுக்கும் உறை) சுற்ற வேண்டும், இரண்டு வால்வு ஒழுகுகிறது. அடுத்த வாரம் ஃபிட்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.