நாமினி கட்டத்தை நிரப்பினால் பணம் வீட்டுக்கு வந்துவிடாது

மறுபடியும் அதே வழவழப்பான தாள், ஊரில் ஆள் சேர்க்கும் ஒரு கூட்டு முதலீட்டுத் திட்டத்தின் விளம்பரம். பாபநாசம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியோடு கும்பகோணத்தில் உள்ள என் தணிக்கை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். 40 பேர், ஆளுக்கு 5 லட்சம். மொத்தப் பணத்திலிருந்து வரும் வருமானத்தை ஆண்டுதோறும் உயிரோடு இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பணிக்கொடைப் பணத்திலிருந்து கட்டியும் விட்டார். என்னிடம் வந்ததே வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று கேட்கத்தான்.

"ஐயா, நீங்கள் முந்திக்கொண்டால் அம்மாவுக்கு என்ன வரும்?" என்று கேட்டேன்.

"நாமினியாக இவள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன் சார்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நாமினி என்பவர், இறந்தவருக்குச் சேரவேண்டிய தொகையை அவருக்குப் பதிலாகப் பெற்றுக்கொள்பவர். சேரவேண்டிய தொகை என்று ஒன்று இருந்தால்தானே பெற்றுக்கொள்ள முடியும்? இந்தத் திட்டத்தில் நீங்கள் கண்மூடிய அன்றே உங்கள் பங்கு மற்ற 39 பேருக்குப் போய்விடுகிறது. திட்டத்தின் அடிப்படையே அதுதான். மனைவி பெயரை எழுதினாலும், மகன் பெயரை எழுதினாலும், கட்டத்தை வெறுமையாக விட்டாலும் வரப்போவது ஒன்றுமில்லை. (வங்கி வைப்பில்கூட நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்லர். அது வேறு வழக்கு, வேறு தலைவலி.) "அசல் எங்கே சார் போகும், பத்திரமாக இருக்குமே" என்கிறார்கள். இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வராது. ஏலச்சீட்டு போலத்தானே என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: ஏலச்சீட்டில் உறுப்பினர் இறந்தாலும் அவர் கட்டிய பணத்துக்கு வாரிசுகள் உரிமை கோரலாம். இங்கே இறந்தவரின் கணக்கு அன்றோடு தீர்ந்தது.

திட்டம் புதிதல்ல. லொரென்சோ டான்டி என்ற நேப்பிள்ஸ்காரர் 1653-இல் பிரான்சு அரசுக்குச் சொன்ன யோசனை இது. அவர் பெயராலேயே டான்டீன் என்கிறார்கள். பிரான்சு 1689-இலும் இங்கிலாந்து 1693-இலும் போர்ச் செலவுக்கு இந்த வழியில் மக்களிடம் பணம் திரட்டின. அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து விற்றார்கள். தவணை தவறியவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். குவிந்த பணத்தை நிர்வாகிகள் தங்கள் விருப்பப்படி கையாண்டார்கள். 1905-இல் விசாரணை நடந்து, மறு ஆண்டு நியூயார்க் மாநிலம் அந்த வகைப் பாலிசிகளுக்கு முடிவு கட்டியது. யோசனையில் பிழை என்று நான் சொல்லமாட்டேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு 1967 முதல் ஏறக்குறைய இதே தத்துவத்தில் ஓய்வூதியம் தருகிறார்கள். அங்கே உறுப்பினர்கள் ஏராளம், ஆயுள் கணிப்பாளர்கள் உண்டு, மேலே கண்காணிப்பு உண்டு. இங்கே ஒரு ரசீதுப் புத்தகம் உண்டு.

ஆசிரியரின் தாளில் கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: ஆண்டுக்கு 2,80,000. அவர் மயங்கியது அதில்தான். கணக்கைப் போட்டுக் காட்டினேன். மொத்தம் 2 கோடி. ஆண்டுக்கு 7 சதவீதம் கிடைத்தால் 14 லட்சம். 40 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 35,000. ஒருவர் இறந்தால் மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 897 ரூபாய் கூடும், மாதம் 75 ரூபாய்கூட முழுதாக இல்லை. அந்த 2,80,000 எப்போது வரும்? ஐந்து பேர் மட்டும் மிஞ்சும்போது. அந்த வயதில் காசை எண்ணப் பார்வை இருக்குமா என்று கேட்கவந்து, அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அதே 5 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 41,000. காலாண்டுக்கு 10,250 கைக்கு வரும், அசலும் வீட்டுக்கு வரும். தனி ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். கூட்டுத் திட்டத்தில் தலைக்கு 41,000 தாண்ட வேண்டுமென்றால் முதலில் ஆறு பேர் சாக வேண்டும்.

ஆயுள் முழுதும் நிற்காத வருமானம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அதற்கு எல்.ஐ.சி.யிலும் மற்ற நிறுவனங்களிலும் ஆன்யுட்டி, அதாவது பணத்தைக் கட்டிவிட்டு ஆயுள் முழுதும் ஓய்வூதியம் போலப் பெறும் திட்டம், இருக்கிறது. அதிலும் சீக்கிரம் போனவர் பணம்தான் நெடுநாள் இருப்பவரைத் தாங்குகிறது. ஆனால் தொகை இவ்வளவு என்று நிறுவனம் உறுதி தருகிறது. கணவன் மனைவி இருவர் ஆயுளுக்கும் சேர்த்து எடுங்கள். நம் ஊரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அசல் திரும்பும் வகையையே தேர்வுசெய்கிறார்கள், பிள்ளைக்கு ஆகட்டும் என்று. ஆகட்டும், ஆனால் மாதத் தொகை குறையும். பிறகு என்னிடம் வந்து குறைப்படாதீர்கள்.

இன்னும் ஒன்று. மகனோடு அமெரிக்கா போய்விட்ட உறுப்பினர் உயிரோடு இருக்கிறாரா என்று யார் சான்று வாங்குவது? அரசு ஓய்வூதியத்துக்கே ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கேட்கிறார்கள். அவர் பங்கை யாரோ வாங்கிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பணம் கேட்டு வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த அமைப்பிடம் பதிவு? காப்பீடு என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., பரஸ்பர நிதி என்றால் செபி, சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளர். "நாங்கள் நிதி கம்பெனி" (உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கி, அவர்களுக்கே கடன் கொடுக்கும் 'நிதி' என்ற வகை நிறுவனம்) என்றால், அந்த வகை நிறுவனங்கள் சீட்டும் காப்பீடும் நடத்தவே கூடாது என்று 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எதிலும் பதிவு இல்லாமல் ஊராரிடம் பணம் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பதில் மழுப்பலாக வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கூடப் படித்தவர், உறவுக்காரர் என்று முகம் பார்க்காதீர்கள். ஓய்வுபெற்ற நண்பர்களே, தயவுசெய்து கமிஷனுக்காக ஆள் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள், ரசீது, தாள், வங்கிப் பரிமாற்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லையென்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்திலும் பதியலாம். முதல் சில ஆண்டுகள் தொகை ஒழுங்காக வருகிறதே என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் கட்டிய பணத்தையே உங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்குப் பெரிய திறமை ஒன்றும் தேவையில்லை.