வாசிக்க வராத புள்ளைக்கு ரிப்போர்ட் எடுக்கப் போறீங்களா, இத வாசிச்சிட்டுப் போங்க

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) ஒரு பையன், தரம் 6. பலகையில இருக்கிறத அச்சு மாதிரி கொப்பியில எழுதுவான், அதையே வாசிடான்னா ஒரு சொல்லு வராது. ஆனா கடைக்கு அனுப்பினா மீதிக்காசு சரியா எண்ணி வாங்கிட்டு வருவான். ஸ்கூல்ல அஞ்சு வருசமா மக்குன்னு கடைசி பெஞ்சு. ஏன் வாசிக்க வரலைன்னு ஆஸ்பத்திரியில பரிசோதிச்சு எழுதித் தர்ற ரிப்போர்ட்ட எடுக்கன்னு அவங்கம்மா நாலு நாள் பேரு (தோட்டத்து நாள் சம்பளம்) இல்லாம அலைஞ்சாங்க, அதுல மூணு நாள் சும்மா போயிட்டு வந்ததுதான். அந்த மூணு நாளு உங்களுக்காவது மிஞ்சட்டும்.

படிப்புச் சிக்கலப் பரிசோதிக்கிற கல்வி உளவியலாளர்னு போர்டு தேடிக்கிட்டுப் போகாதீங்க, தோட்டப் பக்கம் கிடைக்காது. அந்த வேலைய இங்க பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கிற சிறுவர் மனநல கிளினிக்லதான் செய்றாங்க, பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல. மனநலம்னு பேரைப் பாத்துப் பயந்து பாதி பேரு போறதே இல்ல. அங்க புத்தித்திறன், வாசிப்பு, எழுத்துக்கூட்டுறது, ஞாபகம், கவனம் எல்லாத்தையும் தனித்தனியா பாப்பாங்க. புத்தி சரியா இருந்து வாசிப்பு மட்டும் பின்னால நின்னா டிஸ்லெக்சியாவா இருக்கலாம். அதுக்கு மாத்திரையும் இல்ல டானிக்கும் இல்ல, சொல்லிக்குடுக்கிற விதம்தான் மாறணும், யாராவது டானிக் வித்தா வாங்காதீங்க.

போறதுக்கு முந்தி கண்ணும் காதும் செக் பண்ணி துண்டு எடுத்து வச்சிக்கோங்க. அது இல்லாமப் போனா முதல்ல அத எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க, அவங்கம்மாவோட முதல் நாள் அப்படித்தான் போச்சு. தரம் 1, 4, 7, 10ல ஸ்கூல் மெடிக்கல் நடக்கும், அன்னைக்குப் புள்ள வரலைன்னா எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல கேளுங்க. மிட்வைஃப் குடுத்த வளர்ச்சிப் புத்தகம், ரெண்டு மூணு பழைய கொப்பி, வகுப்பு டீச்சரோட கடிதம் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கோங்க. பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு ஸ்கூல்ல ஒரு பேருன்னு நம்ம புள்ளைங்களுக்கு இருக்கிறது வழமைதானே, கிளினிக்ல பதியும்போது சான்றிதழ்ல இருக்கிற பேரையே குடுங்க, இல்லைன்னா பின்னால ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தியக்கடதாசி கேப்பாங்க.

மொழிதான் பெரிய குழி. வீட்டுல தமிழ் மட்டும் பேசுற புள்ளைகிட்ட சிங்களத்துல கேள்வி கேட்டா எந்தப் புள்ளைதான் பதில் சொல்லும், அந்த மார்க்ஸ வச்சி புத்தி குறைவுன்னு எழுதிட்டா அந்தக் கடதாசி அவன் கூடவே வரும். அதனால திகதி வாங்கும்போதே தமிழ்ல செய்யணும்னு சொல்லுங்க. செய்ய முடியலைன்னா எந்த மொழியில பரிசோதிச்சாங்கன்னு ரிப்போர்ட்லயே எழுதித் தரச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. அரசாங்க ஒபிசுக்குத் தமிழ்ல எழுதி தமிழ்லயே பதில் வாங்குறது அரசியலமைப்பு குடுத்த உரிமை, யாரும் போடுற பிச்சை இல்ல.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் விசேட கல்வி அலகுக்கு (விசேட தேவை உள்ள புள்ளைங்களுக்கான தனி வகுப்புக்கு) மாத்துறோம், இதுல கையெழுத்துப் போடுங்கன்னு ஸ்கூல்ல ஒரு போர்ம் நீட்டலாம். சில புள்ளைங்களுக்கு அது நல்லதுதான். ஆனா வாசிப்பு மட்டும் பிரச்சினைன்னா, வழமையான வகுப்புல இருந்துக்கிட்டே விசேட கல்வி டீச்சரோட உதவி கிடைக்குமா, அங்க போனா ஓ.எல். (தரம் 11 பொதுப் பரீட்சை) எழுத முடியுமா, இந்த ரெண்டுக்கும் பதில் வராம பேனாவத் தொடாதீங்க. இனி இவன் வரவேணாம்னு யாராவது வாயால சொன்னா எழுத்துல கேளுங்க, 16 வயசு வரைக்கும் படிப்பு கட்டாயம். வலுவிழந்தவர்னு சொல்லி ஸ்கூல்ல சேக்க மறுக்கக்கூடாதுன்னு 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு. எழுத்துலன்னு சொன்னதும் பாதி பேரு பேச்ச மாத்திருவாங்க.

பரீட்சைக்கு மேலதிக நேரம், சொல்ல எழுதுற ஆள், இதெல்லாம் தரம் 5 புலமைப்பரிசிலுக்கும் ஓ.எல்.லுக்கும் கேக்கலாம், பிரின்சிபல் மூலமா பரீட்சைத் திணைக்களத்துக்குப் போகணும். நிறைய பேரு பரீட்சைக்கு ரெண்டு கிழமை இருக்கையில ஓடுவாங்க, அப்ப ஒண்ணும் நடக்காது. கிளினிக் திகதிக்கே மாசக்கணக்குல காத்திருக்கணும், அதனால முந்தின வருசமே ஆரம்பிங்க. பிரைவேட்ல காசு கட்டி எடுத்த ரிப்போர்ட் மட்டும் போதும்னு நம்பாதீங்க, அரசாங்க ஆஸ்பத்திரி விசேட வைத்தியரோட கையெழுத்தும் இருந்தா பாதுகாப்பு. விண்ணப்பம் போனதும் அதோட கொப்பி ஒண்ணு கேட்டு வாங்குங்க. அனுப்பிட்டேன்னு வாயால சொல்றது அனுப்பினதா ஆகாது.

ஜி.எஸ். (கிராம சேவகர்) கிட்டப் போனா வலுவிழந்தவங்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு போர்ம எடுத்துக் குடுப்பாரு. அது வேற கதை, வாசிப்புச் சிக்கலுக்கு மட்டும் அது கிடைக்கும்னு எண்ணி இன்னொரு நாள் பேர விடாதீங்க.

ஒரிஜினல் ரிப்போர்ட்ட மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க, கேட்டா காட்டிட்டு போட்டோகொப்பி குடுங்க. அந்தப் பையனோட ஒரிஜினல் ஏதோ ஒரு பைலுக்குள்ள போயி ஏழு மாசம் ஆச்சு, அவங்கம்மா இப்ப அஞ்சாவது நாளும் பேரு விட்டுட்டு அதத் தேடிப் போகப் போறாங்க.