மூவரிக் கோரிடோராஸ்: கவசம் மறைக்கும் பட்டினி

வண்ணமீன் வளர்ப்போர் என்னிடம் பரிசோதனைக்குக் கொண்டுவரும் கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் தேவைப்படுவது மருந்தல்ல, தீனி. ‘தொட்டியின் அடியில் சேரும் அழுக்கைத் தின்றுவிடும், தனியாக எதுவும் போட வேண்டாம்’ என்று சொல்லியே இந்த மீன் விற்கப்படுகிறது. அழுக்கைத் தின்று கோரிடோராஸ் வாழ்வதில்லை. புழுக்களையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் மணலில் துழாவி உண்ணும் இந்த மீன், மற்ற மீன்கள் தின்று மிஞ்சும் சில துகள்களை நம்பி வாரக்கணக்கில் மெலிந்துகொண்டே போகிறது.

நம் கடைகளில் ‘ஜூலி கோரி’ என்ற பெயரில் கிடைப்பது, மேல் அமேசான் பகுதியின் ஓடைகளைச் சேர்ந்த மூவரிக் கோரிடோராஸ்தான். உண்மையான ஜூலி வடகிழக்குப் பிரேசிலின் ஆறுகளில் வாழ்வது. அதன் தலையில் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும். மூவரி இனத்தின் தலையிலோ அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து வலைப்பின்னல் கோடுகளாகத் தெரியும். 2024-ல் வெளிவந்த வகைப்பாட்டு மறுஆய்வு இதனை ஹாப்லிசோமா என்ற பேரினத்துக்கு மாற்றியிருக்கிறது. அந்தப் பெயர் கடைப்பலகைக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். இரண்டு இனங்களுக்கும் பராமரிப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால், வளர்ப்பவர் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த மீனின் இரு விலாக்களிலும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மெலிந்துபோன தங்கமீனைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். கோரிடோராஸ் உள்ளே எவ்வளவு வற்றினாலும் தகடுகள் அதே வடிவத்தில் நிற்பதால், வெளியே எதுவும் தெரியாது. ஆகவே கவசமில்லாத வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். மீனை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டுக் கண் மட்டத்துக்கு மேல் உயர்த்திப் பிடித்தால், மார்புத் துடுப்புகளுக்குப் பின்னுள்ள வயிறு சற்றே புடைத்தோ, குறைந்தது சமமாகவோ இருக்க வேண்டும். உட்குழிந்திருந்தால் அது பல நாள் பட்டினியின் அடையாளம். அதே பார்வையில் வாயைச் சுற்றியுள்ள மீசைகளையும் கவனிக்கலாம். நலமான மீசை முடி நுனிபோல மெலிந்து முடியும். தேய்ந்த மீசையோ மொட்டையாக, அடியில் சிவந்து காணப்படும்.

மீசை தேய்வதற்குக் கூரான கல்லையே பலரும் குற்றம் சொல்கிறார்கள். கல்லுக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் கண்டவரை பெரிய காரணம், கற்களின் இடுக்கில் சிக்கி அழுகும் தீனிதான். மேலே நீர் தெளிவாக இருக்கும், சோதனையில் அம்மோனியாவும் தென்படாது. மீன் முகம் புதைக்கும் அந்த ஓர் அங்குல ஆழத்திலோ பாக்டீரியா பெருகிக் கிடக்கும். வண்ணம் பூசிய கற்களை எடுத்துவிட்டு, சலித்துக் கழுவிய மெல்லிய மணலை மெல்லிய படலமாகப் பரப்புவதே நல்லது. மணலில் சில துளி வினிகர் விட்டு நுரை எழுந்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, நீரின் கடினத்தன்மையைக் கூட்டும், அதைத் தவிர்த்துவிடலாம். வாரம் ஒருமுறை அடியை உறிஞ்சி, கால்பங்கு நீரை மாற்றிவந்தால், அடிப்பகுதி எஞ்சியிருக்கும் மீசைகள் மெல்ல வளர்ந்துவிடும். வேரோடு தேய்ந்தவை மீள்வது அரிது.

இரண்டடித் தொட்டியில் ஆறு மீன்களாவது சேர்ந்து இருக்க வேண்டும். ஒற்றை மீன் மூலையில் ஒடுங்கிவிடும். மூழ்கும் குருணைத் தீனியை விளக்கை அணைத்த பிறகு போடுவது, கப்பி, டெட்ரா போன்ற மற்ற மீன்கள் அதைத் தட்டிப் பறிக்காமல் இருக்க உதவும். சாக்கடையோரங்களில் எடுக்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவை உயிருடன் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உறைய வைத்த ரத்தப்புழு போதும்.

நம் ஊர்க் கோடைதான் இந்த மீனுக்குப் பெரிய சோதனை. அதற்கு ஏற்ற வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ்; மே மாதத்தில் சென்னை வீட்டுத் தொட்டி 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். கோரிடோராஸ் மேற்பரப்புக்குப் பாய்ந்து காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதி வழியாக அதை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றலுள்ளது. எப்போதாவது அப்படிப் பாய்வது இயல்பு. நிமிடத்துக்கு நிமிடம் பாய்ந்தால் நீரில் மூச்சு முட்டுகிறது என்று பொருள். மூடியை எடுத்து வலையால் மூடி, நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியைத் திருப்பினால் சில டிகிரிகள் குறையும். மின்வெட்டு உள்ள இடங்களில் பேட்டரி ஏர் பம்ப் ஆடம்பரம் அல்ல.

எந்த நோய்க்கும் ஒரு கைப்பிடி கல் உப்பு என்ற வழக்கத்தை இந்த மீனிடம் காட்ட வேண்டாம். எடை பார்க்காத உப்பும், அளவு பார்க்காத செம்பு மருந்துகளும் நோயைவிட விரைவாகக் கொல்லக்கூடும். பிடிக்கும்போது வலைக்குப் பதிலாக டப்பாவைப் பயன்படுத்துங்கள். முதுகு, மார்பு முட்கள் விறைத்துப் பூட்டிக்கொள்வதால் வலையில் சிக்கும், பையையும் துளைக்கும். மிரளும்போது சுரக்கும் நச்சு, நெரிசலான பையில் அந்த மீன்களையே பாதிக்கும்.

நன்கு உண்டு தேறிய கூட்டத்தை இனப்பெருக்கம் செய்விப்பது கடினமல்ல. மேலிருந்து பார்க்கையில் அகன்று தெரிவது பெண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்று வைத்து, இரண்டு வாரங்கள் புரதம் மிகுந்த தீனி கொடுத்தபின், பாதி நீரை எடுத்துவிட்டு இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். மழைக்கால வெள்ளம் வந்ததாக மீன்கள் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை நாட்கள் இதற்கு வாகானவை. பெண் தன் வாயை ஆணின் வயிற்றோடு ஒட்டி, இரு உடல்களும் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல நிற்கும். பிறகு அது வயிற்றுத் துடுப்புகளைக் கிண்ணமாகக் குவித்து ஏந்திய சில முட்டைகளைக் கொண்டுபோய், வாயால் துடைத்த கண்ணாடியில் ஒட்டும். நெருங்கிய உறவினமான வெண்கலக் கோரிடோராஸில், பெண் விந்தணுக்களை விழுங்கிக் குடல் வழியாக முட்டைகளின் மீது வெளியேற்றுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-ல் காட்டினார்கள்.

பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால், ஓரிரு மணி நேரத்தில் ஓடு இறுகியதும் விரல்நுனியால் உருட்டி எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய டப்பாவில், மெல்லிய காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். ஒரு துண்டு பாதாம் மரத்து இலையோ சில துளி மெத்திலீன் நீலமோ பூஞ்சையைக் கட்டுப்படுத்தும். வெண்மையாகிப் பஞ்சு படர்ந்த முட்டைகளை அன்றன்றே நீக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கரு தீர்ந்த பின் மைக்ரோ புழு என்னும் நுண்புழுவும், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்னும் நுண் இறால் குஞ்சுகளும் கொடுக்கலாம். இங்கேயும் குஞ்சுகள் சாவது பசியைவிட அடியில் படியும் வழுவழுப்பான படலத்தால்தான்: காலை மாலை இருவேளையும் மெல்லிய ஏர் டியூபால் அடியை உறிஞ்சி, எடுத்த அளவு நீரை அதே வெப்பத்தில் சொட்டுச் சொட்டாகத் திரும்ப விடுங்கள்.